வடக்கே தலை வைத்த எலும்பு

காலை 6.10.

முதலில் ராக்கையாவின் சாவி. அடுத்து சவுகத் அலியின் சாவி. இரண்டு பூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாயைத் திறந்தன. நாலடி உயரக் கதவு முனகிக்கொண்டே உள்ளே போனது.

ராக்கையா குனிந்து நுழைந்து தேக்குப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"மாப்ளே, இங்க வா."

சவுகத் அலி எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் எலும்பு வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தது. மூன்று சுற்று. அத்தர் வாசம் மூக்கில் ஏறியது. எப்போதும் தெற்கே இருக்கும் குண்டு முனை இப்போது வடக்கே இருந்தது.

"நீ சுத்துனியா?"

"நானா? போன மாசம் எலும்பை அளக்க அந்த சார் வந்தப்ப ஒங்கூட நின்னு மூடுனதுதேன். அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரலையே மச்சான்."

வழக்கமாக இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூச்சை அடக்கித்தான் அதைத் தூக்குவார்கள். அன்று ராக்கையா ஒற்றைக் கையைக் கொடுத்தார். தலையணை மாதிரி மேலே வந்துவிட்டது. துணியைப் பிரித்தார். உள்ளே எலும்பு வடிவில், பழுப்புப் பெயின்ட் அடித்த மாவுப் பொம்மை. பிள்ளையார் சதுர்த்திக்கு அச்சில் வார்க்கிறார்களே, அந்தச் சரக்கு.

பயப்படாதீர்கள் கண்ணுகளா, இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஆனால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு பிள்ளையின் வாழ்க்கை கவிழப் பார்த்தது. அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு ஏறுகிற சாலையில் பாதியில் பிரிந்தால், ஜீப்பு மட்டும் போகிற ஒரு மண்பாதை. நாலு வளைவு தாண்டினால் ராக்கையாவின் ஏலத்தோட்டம். அதற்குள் இருக்கிற குகைக்கு எலும்புக் கெவி என்று பெயர். அஞ்சு தலைமுறைக்கு முன்னால் ஒரு பெருவெள்ளம் வடிந்த பிறகு, ராக்கையாவின் முன்னோர் ஒருவரும், ஏலக்காய் வாங்க மலையேறி வந்த சவுகத் அலியின் முன்னோர் ஒருவரும் ஓடைக்கரையில் சேர்ந்தே அந்த எலும்பைக் கண்டார்கள். ரெண்டரை அடி நீளம். மனிதத் தொடையைப் போலப் பருமன். கல்லாகவே இறுகிப்போனது. எனக்கு உனக்கு என்று இழுக்காமல், கெவி வாயைக் கல்லால் அடைத்து, கதவு வைத்து, வீட்டுக்கொரு பூட்டாக இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு வருசமும் முதல் எடுப்புக் காய் உலர்ந்ததும் கதவைத் திறப்பார்கள். எலும்பின் முன்னால் நின்று இரண்டு வீட்டாரும் அது யாருடையது என்று கதை சொல்வார்கள். அதன் பிறகுதான் முதல் லோடு மலையிறங்கும்.

அந்த லோடு ஜீப்பு வெளியே நின்றது. ஓட்டுகிறவன் சவுகத் அலியின் மகன் நிஜாம். வயது இருபத்தெட்டு.

"வெள்ளைத் துணி, அத்தரு, வடக்க தலை." ராக்கையாவின் மருமகன் சின்ராசு வாசலில் நின்று உரக்கச் சொன்னான். "யாரு வீட்டு வழக்கம்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னொரு சாவி யாருகிட்ட இருக்குன்னும் தெரியும்."

காய் எடுக்க வந்திருந்த முப்பது பேரும் நிஜாமைத் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கையா வெளியே வந்தார். நேராக ஜீப்புக்குப் போனார்.

"எங்கடா வச்சிருக்க?"

"என்னத்த மாமா?"

அறை விழுந்தது. 

நிஜாம் கன்னத்தைத் தடவவில்லை. "நான் எடுக்கல, அய்யா" என்றான். நடை பழகிய நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட வாய் அது.

காலை 7.35.

போலீஸ் ஜீப்பிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அன்னக்கொடி இறங்கினார். நாற்பத்திரண்டு வயது. இதே மலையில் தோட்டக் கூலிகளின் லய வீட்டில் பிறந்தவர்; தாயார் காய் எடுத்தே முதுகு வளைந்தவர். கூட வந்தது கான்ஸ்டபிள் ரேணுகா.

ராக்கையா எழுதி வைத்திருந்த புகாரை நீட்டினார். அதில் நிஜாமின் பெயர் இருந்தது.

சவுகத் அலி கைகூப்பினார். "ஆத்தா, பையனுக்கு இருபதாம் தேதி பிளேன். கத்தார்ல டிரைவர் வேலை. மூணு வருசம் அலைஞ்சு கெடைச்ச விசா. கேசுன்னு ஒண்ணு ஏறிட்டா..."

"பாஸ்போர்ட்டுல கை வச்சிருவாங்க. தெரியும்ணே." அன்னக்கொடி புகாரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இன்னும் ஏறல."

முதலில் துணியை விரித்துப் பார்த்தார். மெல்லிய பருத்தி, நாலு முழம். நீளவாக்கில் இரண்டு ஓரமும் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. மடித்து ரேணுகாவிடம் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகக் காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்பக்கம் வரச் சொன்னார். எல்லாரிடமும் கடைசியில் ஒரே கேள்வி: அது யார் எலும்பு?

"திருடனைத் தேடச் சொன்னா நீங்க எலும்புக்குச் சொந்தக்காரனைத் தேடுறீங்களேம்மா" என்றாள் ரேணுகா.

"நீ எழுது. ஒரு வார்த்தை விடாம எழுது."

8.00. ராக்கையா.

"யாரு எலும்புண்ணே அது?"

"பகாசுரன் தொடை எலும்பு. அரக்கு மாளிகையில தப்பிச்ச பாண்டவரு இந்தப் பக்கம் மறைஞ்சு இருந்தாக. அந்தப் பாவி தினம் ஒரு வண்டிச் சோறும் ஒரு ஆளும் கேட்டான். வீமன் போயி, சோத்தைத் தானே தின்னுபுட்டு, அவன் முதுகை முறிச்சுப் போட்டான்."

"சவுகத் அண்ணன் வீட்டுல?"

"ஆது கூட்டம்பாக. அவுக வேதத்துல வர்ற ராட்சச ஆளுக."

"கேக்கும்போது ஒங்களுக்குக் கோவம் வராதா?"

"எதுக்கு வரணும்? நாப்பது வருசமா அவன் கதையை நான் கேக்குறேன், எங்கதையை அவன் கேக்குறான். அவன் கதையில காத்து நல்லா அடிக்கும்." சொல்லிவிட்டு, தான் கோபத்தில் இருப்பது நினைவு வந்தவராக முகத்தை இறுக்கிக்கொண்டார்.

8.20. நிஜாம்.

"சாவி?"

"அத்தா இடுப்புல. நான் நேத்து சாயங்காலம் வந்தேன். முதல் லோடுல்ல, வெள்ளனாவே ஏத்தணும். ஸ்டோர் வாசல்ல ஜீப்புலயே படுத்துட்டேன்."

"யாரு பாத்தா?"

"கொசு."

"திமிரு பேசாத. அது யாரு எலும்பு?"

"ஆது கூட்டத்தாளு எலும்பு. எங்களை விடப் பலசாலி எவன்னு கேட்டவங்க. ஹூது நபி எவ்வளவோ சொன்னாரு, கேக்கல. காத்து வந்து சாச்சுப் போட்டுச்சு."

"அதைத் தொடுவீங்களா?"

"தூக்குறதுக்குத் தொடுவோம். தொட்டுட்டுக் கையக் கழுவுவோம்."

கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. ரேணுகா பேனாவை நிறுத்தி அதைப் பார்த்தாள்.

8.40. முத்துக்கிருஷ்ணன். மதுரையில் ஒரு கல்லூரியில் புதைபடிவங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். போன மாதம் எலும்பை அளக்க வந்தவர் இவர்தான். கதவு திறக்கிற நாளைப் பார்க்க வேண்டும் என்று நேற்றே மலையேறி வந்திருந்தார்.

"யானை வம்சம் மேடம். இன்னைக்கு உலகத்துல இல்லாத இனம். பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தினது."

"அப்ப ரெண்டு வீட்டுக் கதையும் பொய்யா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். ரொம்பப் பெரிய ஏதோ ஒண்ணு இங்க நடமாடுச்சு, அடியோட அழிஞ்சு போச்சு. இந்த அளவுக்கு ரெண்டு வீடும் சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. அது யாருன்னு கேள்வி வந்தப்போ அவங்கவங்க புராணத்துல, வேதத்துல தேடினாங்க. உலகம் பூரா அதான் நடந்திருக்கு. கிரேக்க நாட்டுல பழைய வீரனோட எலும்புன்னு கோயில்ல வச்சாங்க. சீனாவுல டிராகன் எலும்புன்னு மருந்துக்கு இடிச்சாங்க."

"வெளியில வெலை போகுமா?"

"போகும். அதான் எனக்குப் பயமே."

"அன்னைக்கு அளக்கும்போது யாரு கூட இருந்தா?"

"நிஜாம் டார்ச் பிடிச்சார். சின்ராசு டேப் பிடிச்சார். ரெண்டு கதையையும் பெரியவங்ககிட்ட தனித்தனியா அப்புறமா கேட்டு எழுதிக்கிட்டேன்." நோட்டைக் காட்டினார். இடப்பக்கம் பகாசுரன். வலப்பக்கம் ஆது கூட்டம்.

9.00. சின்ராசு. கம்பம் பக்கத்துப் பையன். தை மாசம் ராக்கையாவின் மகள் பானுப்பிரியாவைக் கட்டி இங்கேயே தங்கியவன். ஸ்டோர் இப்போது அவன் பொறுப்பு.

"ஒங்க வீட்டுச் சாவி?"

"மாமா அரைஞாணுல. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு."

"அப்ப நிஜாம் ரெண்டு பூட்டையும் எப்படித் தொறந்தான்?"

"போன மாசம் அந்த சார் வந்தப்ப ரெண்டு சாவியும் கதவுலயே தொங்குச்சு. சோப்புக்கட்டியில ஒரு அழுத்து அழுத்துனா போதாதா?"

"யாரு எலும்பு அது?"

"எங்களுக்கு அசுரன். அவுகளுக்கு யாரோ ஒரு அவுலியா, மகான். யாரு எலும்பா இருந்தா என்ன மேடம், போனது போனதுதான? வெரசா அவனைக் கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சோலி கெடக்கு."

"சரி, போங்க" என்றார் அன்னக்கொடி.

காலை 9.30.

விடிவதற்குள் ஏற்றிய பன்னிரண்டு மூட்டைகளையும் ஜீப்பிலிருந்து இறக்கச் சொன்னார். லோடுமேன் கோட்டைச்சாமி முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக முதுகில் வாங்கி இறக்கினான். ஒன்று, இரண்டு, ஆறு. ஏழாவதில் நின்றான்.

"ஏ நிஜாமு, ஒரு கை குடு. ஏத்தும்போதே சொன்னேன்ல, இது என்னடா ஈரக்காயான்னு!"

எல்லா மூட்டையும் ஒரே பருமன். இந்த ஒன்றை மட்டும் இருவர் தூக்கினார்கள். அன்னக்கொடியின் காலடியில் அது தொப்பென்று இறங்கியது.

உலர்ந்த ஏலக்காய் அப்படி இறங்காது. அதற்கு ஒரு சலசலப்பு உண்டு.

"பிரி."

தையலை அறுத்தார்கள். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் பை. உலர்ந்த பச்சைக் காய் தரையில் கொட்டியது. அன்னக்கொடி முழங்கை வரை கையை விட்டார். விரலில் குளிர்ந்த கல் தட்டியது.

எலும்பு.

"பாத்தீகளா!" சின்ராசுவின் குரல் ஸ்டோர் கூரையில் மோதியது. "அவன் வண்டியிலயே இருக்கு!"

கூட்டம் நெருங்கியது. யாரோ ஒருவன் கவாத்துக் கத்தியைக் கையில் எடுத்தான். ரேணுகா நிஜாமின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"மூட்டையெல்லாம் ஸ்டோர்ல தச்சது" என்றான் நிஜாம்.  "நான் தூக்கி வச்சதோட சரி."

"ராத்திரி பூரா ஸ்டோர் வாசல்லதானடா கெடந்த? பிரிச்சு வச்சுத் தைக்க எம்புட்டு நேரமாகும்?"

 சவுகத் அலி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ராக்கையா அவர் பக்கம் வந்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன் பூட்டை நீ எடுத்துட்டுப் போயிரு. இனிமே இங்க ஒரு பூட்டுப் போதும்."

அன்னக்கொடியின் போன் அடித்தது. கீழே இருந்து இன்ஸ்பெக்டர். "பொருளு அவன் வண்டியில. சாவி அவன் வீட்டுல. இதுக்கு மேல என்ன வேணும்? பன்னெண்டுக்குள்ள எஃப்.ஐ.ஆர். எழுதி ஆளைக் கொண்டாங்க."

"சரி சார்."

மணி 10.10.

காலை 10.25.

பானுப்பிரியா தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, காலையில கதவு தொறக்குறதை நான் போன்ல எடுத்தேன். வருசா வருசம் எடுப்பேன். ஒங்களுக்கு ஆகுமா?"

அன்னக்கொடி அதை வாங்கிப் பார்த்தார். ராக்கையாவின் கை பூட்டை நெருங்குகிறது. நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டினார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, "ரேணுகா, டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கெவிக்கு வா" என்றார்.

இருவரும் பூட்டுப் பக்கம் போகவில்லை. கதவின் மறுபக்கம் போனார்கள். அது பழைய காலத்துக் கதவு, கீல் கிடையாது. மரக்குடுமி கல்குழியில் நின்று சுழலும். அன்னக்கொடி மண்டியிட்டுக் குழியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மேலே பூசியிருந்த களிமண் உதிர்ந்தது. அதன் அடியில் கறுத்த கல்லில் வெள்ளையாக ஒரு கொத்து விழுந்திருந்தது. கடப்பாரை கடித்த தடம்.

காலை 11.15.

எல்லாரையும் கெவி வாசலுக்கு வரச் சொன்னார். கூட்டம் வட்டமாக நின்றது. ஒரு பக்கம் நிஜாம்; அவன் கையைப் பிடித்தபடி சவுகத் அலி. எதிர்ப்பக்கம் ராக்கையா, மகள், மருமகன்.

"முதல்ல பூட்டு. பானு எடுத்த படத்துல, ராக்கையா அண்ணன் கை வைக்கும்போது ரெண்டு பூட்டையும் சேத்து நிலையோட ஒரு சிலந்திக்கூடு. அதை அவரு கையால கிழிச்சிட்டுத்தான் சாவியைப் போடுறாரு. நேத்துக் கட்டுன கூடுன்னா வெள்ளியாட்டம் மின்னும். இது ஸ்டோர்ப் புகை ஏறி அழுக்குப் பஞ்சா இருக்கு. மூணு முட்டைப் பை வேற. போன மாசத்துக்கப்புறம் இந்தப் பூட்டை யாருமே தொடல."

"பூட்டைத் தொறக்காம எப்படி...?" ராக்கையாவின் குரல் இறங்கியிருந்தது.

"கதவுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்லண்ணே. கடப்பாரையால குடுமியை நெம்பித் தூக்கி, அந்தப் பக்கமா நுழைஞ்சிருக்கான். திரும்ப இறக்கி வச்சு, கொத்துப்பட்ட எடத்துல களிமண்ணு பூசிட்டான். அதனால சாவிப் பேச்சு இத்தோட முடிஞ்சது. கடப்பாரை பிடிக்கத் தெரிஞ்ச எவனும் செஞ்சிருக்கலாம்."

"மூட்டை அவன் ஜீப்புல இருந்துச்சே!" என்றான் சின்ராசு.

"இருந்துச்சு. ஸ்டோர்ல தச்ச மூட்டை, அவன் ஜீப்புல. அதை வச்சு இவன்னும் சொல்லலாம், ஸ்டோர்ல தச்சவன்னும் சொல்லலாம். அதனால நானும் அதை ஒதுக்கிட்டேன். எனக்கு வேண்டியதைத் திருடனே பெட்டிக்குள்ள சுத்தி வச்சிட்டுப் போயிருக்கான்." அன்னக்கொடி துணியை விரித்துப் பிடித்தார். "சவுகத் அண்ணே. ஒங்க ஆளுகள்ல ஒருத்தர் மவுத்தாயிட்டா, அடக்கம் பண்ண மூணு சுத்து வெள்ளைத் துணி, அத்தரு, வடக்க தலை. சரியா?"

"சரிதாத்தா."

"இந்த எலும்புக்கு அதைச் செய்வீங்களா?"

சவுகத் அலி, அன்று முதல் தடவையாகக் கோபப்பட்டார். "என்ன கேள்வித்தா இது? அது என்ன அடக்கம் பண்ற மய்யித்தா? நபி பேச்சைக் கேக்காம அழிஞ்சு போன கூட்டம். கபுருக்குழியே இல்லாமக் காத்துல கெடந்தவன். அவனுக்கு நான் கபன்துணி சுத்தி, அத்தரு வேற போடுவனா? எங்கத்தா இருந்திருந்தா செருப்பைக் கழட்டியிருப்பாரு. நாங்க அவனைப் பாக்குறதே, அந்த மாதிரி ஆகிறக் கூடாதுன்னு நெனச்சுக்கிறதுக்குத்தான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"கோட்டைச்சாமி, ஒனக்குத் தெரியுமா இது?"

"பதினேழு வருசமா இதே வாசல்ல நின்னு கேக்குறேன்மா. ஆது கூட்டம். எம்மவளுக்கே நான் சொல்லித்தான் தூங்க வப்பேன்."

"சாருக்கு நோட்டுல இருக்கு. ராக்கையா அண்ணனுக்கு மனப்பாடம். இங்க நிக்கிற முப்பது பேருக்கும் தெரியும். நிஜாம் அந்த வீட்டுலயே பொறந்தவன்." அன்னக்கொடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த எலும்பை அவங்க மகான்னு கும்புடுறதா நெனச்ச ஆளுதான் கபன் சுத்துவான். அந்தக் கதையை ஒரு வருசம்கூட இந்த வாசல்ல கேக்காத ஆளு. போன வருசம் மலைக்கே வராத ஆளு. ரேணுகா, ஒம்போது மணிக்கு எழுதுனதைப் படி."

ரேணுகா படித்தாள். "எங்களுக்கு அசுரன். அவுகளுக்கு யாரோ ஒரு அவுலியா, மகான்."

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் சின்ராசுவைச் சுற்றி நின்றவர்கள் ஒரு அடி விலகினார்கள்.

"தெரியாம ஒரு வார்த்தை சொன்னா நான் திருடனா?" அவன் சிரிக்கப் பார்த்தான். "நான் ஏதோ அப்படி நெனச்சேன்."

"அப்படியேதான் துணி சுத்துனவனும் நெனச்சிருக்கான்."

"இந்த மலையில நான் ஒருத்தன்தானா புதுசு? வெளியாளு எவனாச்சும் வந்திருப்பான்!"

"வெளியாளு ஸ்டோருக்குள்ள பூந்து மூட்டை தைப்பானா? அதையும் விடு. இந்தத் துணியில ரெண்டு நீள ஓரமும் கத்தரிச்சிருக்கு. கடையில கபன்துணி வாங்குனா அதுக்கு வேலையில்லை. கரையிருந்தா எங்க வீட்டு வேட்டின்னு தெரிஞ்சு போகும்னு நெனச்சவன்தான் கரையை வெட்டுவான். வெட்டுன கரை எங்கயாவது கெடக்கும். தேடிக்கிருவோம்."

"தேட வேணாம்க்கா."

பானுப்பிரியா அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் இரண்டு விரல் அகலத்தில், மயில்கண் கரைத் துண்டு இரண்டு.

"ரெண்டு நாளா தையல் மெஷின் பொட்டிக்குள்ள கெடக்குது. ஏதோ கிழிசல்னு நெனச்சேன்." கணவனைப் பார்த்தாள். "அப்பா எடுத்துக் குடுத்த கல்யாண வேட்டி. அதைக் கட்டிக்கிட்டுத்தான எனக்குத் தாலி கட்டுனீக."

சின்ராசு அதற்கு மேல் நிற்கவில்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். எலும்பின் படத்தைப் போனில் போட்டதும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் பேசியது. வியாழக்கிழமை பகலில் மாமனார் போடியில் ஏலம் விடுகிற இடத்துக்குப் போயிருக்க, ஆள்கள் மேற்காட்டில் காய் எடுக்க, கதவை நெம்பியது. சிலை செய்கிறவனிடம் வார்த்து வாங்கிய பொம்மையை உள்ளே வைத்தது. லோடு இறங்கும் இடத்தில் அந்த ஏழாவது மூட்டைக்கு ஆள் காத்திருந்தது.

"துணி எதுக்குய்யா?" என்றாள் ரேணுகா.

"சுத்தியிருந்தா யாரும் பிரிக்க மாட்டாக, அப்படியே கும்புட்டு மூடிருவாகன்னு நெனச்சேன். பிரிச்சாலும் பழி அந்தப் பக்கம்..." நிஜாம் இருந்த பக்கம் பார்த்தான். 

மணி 11.40.

அன்னக்கொடி சட்டைப் பையிலிருந்து காலைப் புகாரை எடுத்து ராக்கையாவிடம் நீட்டினார். கூடவே ஒரு வெள்ளைத் தாள்.

"இதைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதுங்கண்ணே."

ராக்கையா பேனாவை வாங்கினார். எழுதவில்லை. "பொருளுதான் கெடைச்சிருச்சே ஆத்தா. வீட்டுக்குள்ள பேசி..."

"நிஜாம் பேரை எழுதும்போது வீட்டுக்குள்ள பேசலையே அப்பா" என்றாள் பானுப்பிரியா. கண்ணில் நீர் வழிந்தது, குரல் பிசகவில்லை. "எழுதுங்க."

அவர் எழுதினார். மருமகன் பெயருக்கு வந்தபோது பேனா ஒருமுறை தாளைக் கிழித்தது. 11.52க்கு கையெழுத்துப் போட்டார். போலீஸ் ஜீப்பில் ரேணுகாவுக்குப் பக்கத்தில் சின்ராசு ஏறி உட்கார்ந்தான். முதல் புகார் நாலு துண்டாகி அன்னக்கொடியின் கைக்குள் போயிற்று.

மூட்டைகள் மறுபடி ஏறின. நிஜாம் ஓட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். கெவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் திரும்பவே இல்லை.

சவுகத் அலியும் ராக்கையாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மூச்சை அடக்கி, எலும்பைப் பெட்டியில் வைத்தார்கள்.

"நீ வண்டியை எடுத்துட்டுப் போ மாப்ளே" என்றார் ராக்கையா. "இந்த வருசம் கதை வேணாம். எனக்கு அதைச் சொல்ல மொகம் இல்லை."

"சொல்லாம லோடு எறங்குனதில்லை மச்சான்." சவுகத் அலி தொண்டையைச் செருமினார். "நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். "பகாசுரன்னு ஒருத்தன் இருந்தான். தினம் ஒரு வண்டிச் சோறு, ஒரு ஆளு..."

ஒரு இடம் பிசகாமல் சொன்னார். வீமன் சோறு தின்கிற இடத்தில் மட்டும், வியாபாரி ஆனதாலோ என்னவோ, குழம்பும் கறியும் கூடுதலாக வந்தன. கோட்டைச்சாமி சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் முடித்தார். இன்னொரு கதை பாக்கி இருந்தது.

ராக்கையா தலையைத் தூக்கினார். ஜீப்பில் இருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் உரக்கவே தொடங்கினார்.

"ஆது கூட்டம்னு ஒரு கூட்டம். உசரத் தூணு நிறுத்தி மாளிகை கட்டுன பயலுக. எங்களை விடப் பலசாலி எவன்டான்னு..." அங்கே நிறுத்தினார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு தொடர்ந்தார். "கேட்டாங்க. ஹூது நபி சொன்னாரு. காதுலயே வாங்கல. அப்ப ஒரு காத்து வந்துச்சு. எட்டு ராத்திரி, ஏழு பகலு நிக்காம அடிச்சு..."

"ஏழு ராத்திரி, எட்டுப் பகலு, மாமா."

ஜீப்பிலிருந்து வந்த குரல். அவன் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

ராக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழு ராத்திரி" என்று திருத்திச் சொன்னார். "எட்டுப் பகலு."